கோப்பிப் போத்தல்

எழும்பினதும் நான் முகம் கழுவுவதில்லை.
கோப்பிப் போத்தலின் மூடியைத் திறந்து
மூக்கை உள்ளே விடுவேன்.
வேர்க்கொம்பு, மல்லி, அடியில் கொஞ்சம் மிளகு.
மூன்றும் வந்து சேர்ந்தால்
இன்றைக்குச் சாகமாட்டேன்.

பிறகு சவர்க்காரம். பிறகு நேற்றைய மீன்சட்டி.
பத்து மணிக்கு மறுபடி போத்தல்,
ஏனென்றால் ஆறு மணிக்கு வந்தது
மணமா, மணத்தின் நினைவா என்று
ஒரு சந்தேகம்.

ஊரடங்குக்கு இடைவெளி விடுகிற நாட்களில்
கோண்டாவில் சங்கக்கடை வாசலில் எனக்கு வேலை.
வருகிறவர்களின் நெற்றிக்கு நேரே
வெள்ளைத் துவக்கு ஒன்றை நீட்டவேண்டும்.
முதல் நாள், சாறத்தை மடித்துக் கட்டிய ஒருவர்
நான் கேளாமலே இரண்டு கையையும் உயர்த்தினார்.
சீனி வாங்க வந்தவர்.
முப்பத்தாறு தசம் நான்கு என்றேன்.
கைகள் இறங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.
அதைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை.

புதன்கிழமை பக்கத்து வீட்டுப் படலையில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.
ஞானரூபன். தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓடுகிறவன்.
பசை காயுமுன்னே ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது.
எங்கள் மதிலுக்கும் அவன் கிணற்றுக்கும் பதினொரு அடி.
அளந்தேன்,
தையல் நாடாவை மதிலுக்கு மேலால் எறிந்து,
நடுச்சாமத்தில், ரோச் லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு.
பிறகு நாடாவை எரித்தேன்.

வானொலி சொன்னது, மாவட்டத்தில் ஏழு பேர் என்று.
ஆறு இலட்சம் பேரில் ஏழு.
கணக்கில் நான் கெட்டிக்காரி. வகுத்தேன்.
தசத்துக்குப் பின்னால் வந்த பூச்சியங்களை
எண்ணியபடி நித்திரை கொள்ளலாம் என்று பார்த்தேன்.
பூச்சியங்கள் எல்லாம் போய் முடிகிற இடத்தில்
ஒற்றை இலக்கமாக
ஆரணி நின்றாள், பள்ளிக்கூட உடுப்போடு.

முன்பு சாவு கூவிக்கொண்டு வந்தது.
எந்தப் பக்கம் படுப்பது என்று காதுக்குத் தெரியும்.
இதற்குச் சத்தம் இல்லை, ஆகையால்
காது எல்லாவற்றையும் கேட்கத் தொடங்கிற்று:
பிரிட்ஜ் மூச்சு விடுவதை,
பிள்ளை ஒரு தும்மலை அடக்குவதை.
என்னைக் கண்டு அடக்கினாள்.
"அம்மா, ஏன் என்னை மணந்து மணந்து பாக்கிறியள்?"

யோகலிங்கம் சொன்னார், "உனக்கு ஒண்டுமில்லை."
சரிதான். வெள்ளைத் துவக்கும் அதையே சொன்னது,
என் நெற்றியில் நானே பிடித்த பதினேழு தரமும்.
ஆனால் நெஞ்சு இடிக்கிற இடி
அதில் விழவில்லை.

பத்தாம் இரவு, கிணற்றடியில் சுவரோடு நின்றேன்.
மறுபக்கத்திலிருந்து:
"அக்கா, நித்திரை இல்லையோ?"
பின்னுக்குப் பாய்ந்தேன். அவன் சிரித்தான்.
போனில் முந்நூற்றிநாலு விளையாடுகிறானாம்.
சாப்பாடு இறங்குதாம். நல்லாப் படுக்கிறானாம்.
"ஒண்டும் மணக்குதில்லை, அவ்வளவுதான்.
கையில என்ன, கோப்பியோ? எப்பிடி மணக்குது? சொல்லுங்கோவன்."

இத்தனை நாளும் நான் பயந்து பயந்து காத்திருந்தது
அவனுக்கு வந்துவிட்டது.
அவன் அதை ஒரு செருப்பறுந்ததைப் போலச் சொல்கிறான்.

முகக்கவசத்தை இறக்கினேன், மூக்குவரைக்கும்.
முதலில் வேர்க்கொம்பு தம்பி, என்றேன்,
தொண்டைக்குப் பின்னால் கீறுகிற மாதிரி.
பிறகு மல்லி, வறுக்கும்போது கொஞ்சம் கருகிப்போன மல்லி.
பிறகு...
மிளகைச் சொல்லுமுன் எனக்கு அழுகை வந்தது.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
"மிளகு போடேல்லையோ?" என்றான் கொஞ்சம் கழித்து.

காலையில் போத்தலைத் திறந்தேன்.
பத்து மணிக்குத் திறக்கவில்லை.
பதினொன்றே காலுக்குத் திறந்தேன்.