இருபது எம்.எம்.

அடையாள அட்டையில் இடம் போதவில்லையாம்.
"டாக்டர்னு போட்டா பேரு ரெண்டாவது வரிக்குப் போயிருது மேடம்"
என்றான் அச்சடிக்கிற பையன்.
பேரே முதல் வரியில் நிற்கட்டும் என்றேன்.
சு. கோகிலவாணி. தரக் கட்டுப்பாடு.
ரத்தப் பிரிவு பி பாசிட்டிவ்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி கான்கிரீட் கலவை ஆலை.
தகரக் கூரை, ஒரு மேசை, ஆறு சல்லடை,
கட்டிகளை நசுக்கிப் பார்க்க ஓர் இயந்திரம்.
சன்னலைத் திறந்தால் சேர்வராயன் மலை.
மூடினால், மேசைமேல் அதன் சொந்தக்கல்
இருபது எம்.எம். ஜல்லியாக.

ஆறு வருஷம் அந்தக் கல்லோடு இருந்தேன்.
ஏற்காடு சாலை பதினெட்டாம் வளைவில்
வண்டியை நிறுத்திவிட்டுச்
சுத்தியலால் தட்டி எடுத்த துண்டு.
தலைமுடியைவிட மெலிதாய்த் தேய்த்துக்
கண்ணாடியில் ஒட்டி
நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால்
ஊரெல்லாம் கருங்கல் என்று சொல்லும் அதற்குள்ளே
இப்படித் திருப்ப ரோஜா நிறம்,
அப்படித் திருப்ப இளம்பச்சை.
வயது இருநூற்றைம்பது கோடி.
இரண்டு மூன்று கோடி முன்னே பின்னே இருக்கலாம்.
அந்த 'இருக்கலாம்' எழுதத்தான்
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

உதவித்தொகை எட்டு மாதத்துக்கு ஒருமுறை வரும்.
கருப்பூர் விடுதியில், கெட்டிலில் சேமியா வேக,
ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கேள்வி தோன்றும்.
பதிலுக்கு யாரும் அவசரப்பட்டதில்லை.
கல்லும்தான்.

இங்கே
காலை ஏழரைக்கே கேள்வி
டீசல் புகையோடு வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறது.

முதல் வார அறிக்கையில் எழுதினேன்:
'தட்டைக்கல் சற்று அதிகமாக இருக்கலாம் எனக் கருத இடமுண்டு.'
வையாபுரி சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இருக்கலாம்னா,
லாரி உள்ள வரட்டுமா, வெளிய போகட்டுமா?"
அதில் கேலி இல்லை.
நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

படிவத்தில் இரண்டே கட்டம்.
ஏற்பு. மறுப்பு.
அடிக்குறிப்புக்கு இடமில்லை.
'மேலும் ஆய்வு தேவை' என்கிற
எனக்கு ரொம்பப் பிடித்த வாக்கியத்துக்கும்.

பத்தொன்பதாம் நாள் மறுப்பில் டிக் அடித்தேன்.
டிரைவர் அர்த்தனாரி இறங்கி வந்தார்.
வாய்மொழித் தேர்வன்று நடுங்கிய அதே முழங்கால்.
அவர் ஒரு தட்டைக்கல்லைப் பொறுக்கி
விரலிடுக்கில் புரட்டிப் பார்த்து
"பாண்டி ஆடலாம் இதுல" என்றார்.
"எத்தன வருசம் படிச்சீங்க?"
"காலேஜ் முடிச்சப்புறம் ஆறு."
"எதப் பத்தி?"
"இந்தக் கல்லப் பத்தித்தான்."
"அதுக்கப்புறமும் சலிச்சுத்தான் பாக்கோணுமா?"
"ஆமாங்க."
மேற்கோள் எதுவும் காட்டாமல்
நான் சொன்ன முதல் ஆமாம்.

பதினாறு டன் திரும்பிப் போனது.
திரும்பிப் போகிற நடைக்கு
அவருக்குப் படி கிடையாது என்று
மறுநாள்தான் தெரிந்தது.
ஆய்வேட்டில் பிழைகள் இருந்தன.
அதில் எதற்கும்
யாருடைய கூலியும் குறைந்ததில்லை.

யாரும் கேட்காமலே
எடுத்து வைத்திருந்த மாதிரியை மறுபடி சலித்தேன்.
பதினெட்டு சதவீதம்.
இன்னொரு முறை.
பதினெட்டேதான்.
நிம்மதியா அது, தெரியவில்லை.
கைகழுவ நேரமாகிவிட்டது, தூசி
ரேகைகளுக்குள் புகுந்திருந்தது.

ஒன்றாம் தேதியே சம்பளம் ஏறிவிட்டது.
வங்கிச் செய்தியை, மெய்ப்புப் பார்ப்பதுபோல்,
எழுத்து எழுத்தாகப் படித்தேன்.
அம்மாப்பேட்டையில் வாடகை அறை, மொட்டைமாடி.
கையில் தட்டுவடை செட், காரம் தூக்கல்.

மலைமேல் ஏதோ வண்டி ஏறுகிறது.
வெளிச்சம் வளைவுக்கு வளைவு தொலைந்து
வேறொரு இடத்தில் வருகிறது.
எண்ணிக்கொண்டே வந்து
நடுவில் விட்டுவிட்டேன்.
இப்போது திரும்புகிறதே,
அது பதினெட்டாம் வளைவாக
இருக்கலாம்.