இமை

சொஹார். இரவு இரண்டரை.
ஏசி உறுமும் லேபில்
கொம்பையாவின் தொடையிலிருந்து ஒரு துணுக்கு,
கொத்தமல்லி விதையளவு,
சாயம் குடித்துக் கண்ணாடியில் கிடக்கிறது.

சாரம் கட்டுபவர். வயது முப்பத்தொன்று.
கம்பெனிக் கடிதத்தில் ஃபோர்மேனின் வரி:
"நின்றபடியே தூங்குகிறான்."

லென்ஸைத் திருகினேன்.
உட்கரு தன் இடத்தில்தான் இருக்கிறது,
ஆணை எழுதியபடி.
ரைபோசோம்கள் என் லென்ஸுக்கு எட்டாதவை;
எங்கோ புரதம் கோத்துக்கொண்டிருக்கும்.
குப்பை தின்னும் லைசோசோமுக்கும்
கூலி உண்டு, ஏடிபியில்.
கூலிதான் வரவில்லை.

இழைமணிகள்.
சோற்றையும் மூச்சையும் எரித்து
சக்தியாக்கித் தரவேண்டியவை.
பழுது.
போதவில்லை போதவில்லை என்று செல்
மேலும் மேலும் அவற்றையே பெருக்கி
ஓரமெல்லாம் குவித்திருக்கிறது,
எல்லாம் அதே பழுதோடு.
பச்சைத் தசைக்குள் கிழிந்த சிவப்பு.

இமையைத் தூக்கும் தசைதான்
பெரும்பாலும் முதலில் கைவிடும்.
அப்படியென்றால்
நாற்பது அடி உயரத்தில், ஆகஸ்ட் வெயிலில்,
அந்த மனிதர் தூங்கவே இல்லை.
தலையை அண்ணாந்து
பாதி விழுந்த இமைக்கு அடியால்
பார்த்துப் பார்த்துத்தான் முடுக்கியிருக்கிறார்
ஒவ்வொரு கிளாம்ப்பையும்.

இதை எழுத அறிக்கையில் கட்டம் இல்லை.
இருக்கும் கட்டத்தில் 'உண்டு' என்று தட்டினால்
சோம்பேறி இல்லை என்றாகும்.
அன்ஃபிட் என்றும் ஆகும்.
பிறகு விசா?

தட்டினேன்.

ஸ்லைடை உறையிலிட்டு
நாற்காலியில் சாய்ந்து
ஐந்து நிமிடம் கண்ணை மூடினேன்.
யாரும் எழுதிவைக்கவில்லை.