இடது காதின் தேதி

"எப்போதிருந்து இந்த இரைச்சல்?" என்றாள்
காது சோதிக்கும் பெண்.
பினாங்குப் பொது மருத்துவமனை,
முட்டைத் தட்டை ஒட்டவைத்த மாதிரி சுவர் கொண்ட
குட்டி அறை.
எல்லோரும் "கொஞ்ச வருசமா" என்பார்களாம்.
நான் சொன்னேன்:
தொண்ணூற்று நாலு, ஆகஸ்டு பதின்மூன்று,
சனிக்கிழமை, இரவு ஒன்பது நாற்பது.

அவள் பேனா நின்றது.

எனக்குத் தேதிகள் அப்படித்தான்.
நகைக்கடை தந்த தினசரி நாட்காட்டியில்
ராகுகாலத்துக்கும் சந்திராஷ்டமத்துக்கும் நடுவே
பென்சிலால் குறித்து வைப்பேன்.
பிப்ரவரி பதின்மூன்று:
மழையோடும் மாதா கோயில் மணியோடும் தொடங்குகிற
அந்த முதல் தட்டு வெளியான வெள்ளிக்கிழமை.
தகர ஆலையில், வேலையின் கடைசி நாளில்,
விரல்நுனிகளை எந்திரத்துக்குக் கொடுத்தவன்
சோப்புப் புட்டியை உருக்கித் தொப்பி செய்து
மாட்டிக்கொண்டு வாசித்தது.
செப்டம்பர் இருபத்தேழு:
பேருந்தில் நல்ல படுக்கைக்குச் சீட்டு இழுத்து
ஜெயித்தவன் செத்த நாள்.
டிசம்பர் எட்டு: மேடையிலேயே சுடப்பட்டவன்.
அன்றைக்கு நான் கறி தொடுவதில்லை.
அப்பாவின் திதியை மட்டும்
வருசா வருசம் தங்கச்சி போன் செய்து சொல்லவேண்டும்.
தவமலர் இதை விருந்து வீடுகளில்
பரிமாறிவிட்டுச் சிரிப்பாள்.

எங்கள் தேதி எந்த நாட்காட்டியிலும் இல்லை.

டத்தோ கிராமட் சாலை,
மோட்டார் பட்டறைக்கு மேல்மாடி.
டிரம் தேக் ஹுவாட். கித்தார் அஸ்ஹாரி.
பேஸ் வீரசிங்கம்;
பாயான் லெப்பாஸ் சில்லு ஆலையில் இரவு ஷிப்டு,
அன்றைக்கு வயிற்றுப்போக்கு என்று எம்.சி.
பாட்டு நான். அதைப் பாட்டு என்றால்
பாட்டு கோபித்துக்கொள்ளும்.
டிக்கெட் மூன்று வெள்ளி.
வந்தது பதினேழு பேர்,
அதில் ஒருவர் பழுது பார்த்த ஸ்கூட்டரை எடுக்க வந்தவர்.
வாடகை ஒலிபெருக்கி என் இடது தோளோடு தோளாக.
மூன்றாம் பாட்டின் நடுவில்
யார் காலோ எந்தக் கம்பியையோ மிதிக்க
எழுந்தது ஒரு கீச்சல்.

பதினேழு பேரும் காதைப் பொத்தினார்கள்.
நான் பொத்தவில்லை.
ஒரு கையில் மைக்.
மறு கை மேலே கொம்பு காட்டிக்கொண்டிருந்தது.

பிறகு ஃபியூஸ் போனது. இருட்டில்
கீழே பட்டறைக்காரர் ஹொக்கியனில்
எங்கள் ஏழு தலைமுறையையும் நலம் விசாரித்தார்.
ஸ்கூட்டர்காரர் மட்டும் கை தட்டினார்.
பதினொரு நிமிடம்.
பதிவு செய்யவென்று வைத்த டேப்பில்
வீரசிங்கம் ப்ளேயை அழுத்தியிருந்தான்,
ரெக்கார்டை அழுத்தவில்லை.

அடுத்த மாதம் முடி வெட்டினால்தான் வேலை என்றார்கள்.
வெட்டினோம். ஒரே கடையில், ஒரே நாளில்,
நாலு பேர் முடியும் தரையில் கலந்து கிடந்தது.
தேக் ஹுவாட் இப்போது பெர்த்தில்.
அஸ்ஹாரி சுராவ் கமிட்டியில் ஒலிபெருக்கிப் பொறுப்பு;
அவன் கைபட்டால் கீச்சலே வராதாம்.
வீரசிங்கத்தோடு பேச்சில்லை.

"சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்க, அங்கிள்."
அழுத்தினேன்.
"இன்னும் நான் எதுவும் போடலையே."

காகிதத்தில் கோடு பினாங்குப் பாலம்போல
நேராக வந்தது,
நாலாயிரம் ஹெர்ட்ஸில் கடலில் விழுந்தது,
அப்பால் அரைமனசாய்க் கரையேறியது.
"இதை மறைக்க ஒரு கருவி இருக்கு,
மழைச் சத்தம் மாதிரி போடும்" என்றாள்.
மணி மட்டும் சேர்த்தால் யோசிக்கலாம் என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை. புரியத் தேவையுமில்லை.

கார் நிறுத்துமிடத்தில், ஓராண்டாய் உறங்கும்
நாலு பேர் குழுவுக்கு
அந்தக் கோட்டைப் படமெடுத்து அனுப்பினேன்:
'நம்ம பதிவு கிடைச்சிருச்சு. முப்பது வருசமா
நிக்காம ஓடுது.'

பெர்த்தில் ஒரு நீல டிக் விழுந்தது.
அஸ்ஹாரி ஒரு கொம்பு அனுப்பி
உடனே அழித்தான்.
பார்க்கிங் சீட்டைத் தேடிக்கொண்டிருக்கையில்
மடியில் போன் அதிர்ந்தது.
வீரசிங்கம்.

'ஸ்பீக்கர் வாடகை எழுபது வெள்ளி
நீ இன்னும் தரல.'