பிடியருகே

சீட்டைத் தள்ளி எடுத்ததில்
கையில் நின்றது பதினேழாயிரத்து நானூறு.
ஆட்லினுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் போக
பத்துக்குக் கொஞ்சம் மேலே.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பெனடிக்ட் கடையில்
ஒரே எந்திரத்தில் ஐந்து வேலை என்றார்கள்:
பனியன், தொப்பி, தட்டு, கோப்பை.
ஐந்தாவது என்னவென்று
விற்கிறவருக்கே மறந்துவிட்டது.
கருங்கலில் யார் தொப்பி போடுகிறார்கள்?
வெயிலுக்குத் துவர்த்து, மழைக்குக் குடை.
கோப்பைக்கு மட்டும் போதும் என்றேன்.
அதுவரை என்னை மேடம் என்றவர்
அக்கா என்றார்.

கரண்டு அட்டையின் பின்பக்கம் கணக்கு.
பிரிண்டர்: தம்பி ஷைஜுவின் பழையது.
நாலு தொட்டியில் நீலம் மட்டும் அடைத்திருக்கிறது,
வெந்நீர்த் துணி வைத்து மூன்று நாளில் இளகியது.
அதில் சாதா மை ஊற்றினால்
கோப்பை கழுவின அன்றே பல்லிளிக்கும்.
சூட்டில் ஆவியாகிற மை தனி,
நாலு பாட்டில் ஆயிரத்து இருநூறு.
காகிதம் நூறு தாள்
(ஐப்பசி ஈரம் ஏறாமல் பிஸ்கட் டின்னில்).
சூடு தாங்கும் டேப்.
பூச்சுப் பூசிய வெள்ளைக் கோப்பை
ஒன்று அறுபத்தெட்டு, பெட்டிக்கு முப்பத்தாறு,
வழியில் உடைந்தால் நம் தலையில்.

திங்கள்சந்தையில் முப்பது ரூபாய்க்குக் கிடைப்பதும்
பார்க்க அதே வெள்ளைதான்.
மை அதில் பிடிக்காது.
பூச்சில்லாத வெள்ளை
எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளும்,
ஒன்றையும் வைத்துக்கொள்ளாது.
என் வீட்டில் அப்படி ஒருவர் உண்டு.

எந்திரம் தக்கலையில் கிடைத்தது.
விபின் தாஸ், கத்தாருக்கு விசா வந்த பையன்.
ரெண்டாயிரத்து எழுநூறு சொன்னான்,
ரெண்டாயிரம் என்றேன்,
செரி என்றான்.
இவ்வளவு சீக்கிரம் இறங்கினால்
எனக்குச் சந்தேகம் வரும்.
ஒயரை நுகர்ந்தேன். நெம்புகோலை நாலு தடவை அழுத்தினேன்.
சொருகச் சொன்னேன்.
ஏழு நிமிஷத்தில் நூற்றெண்பது டிகிரி.
"மிஷின் கொள்ளாம் அக்கா," என்றான்,
"எனக்கு இனி எதுக்கு."

பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்.
மிக்ஸியா என்று கேட்டார் கண்டக்டர்.
ஆமா என்றேன்,
லக்கேஜ் போடாமல் விட்டார்.

சாயங்காலம் ஏழு மணிக்கு
ஊர் முழுக்க விளக்கெரிய
நூற்று அறுபதிலேயே முட்டி நின்றது.
வோல்டேஜ் தூங்கி எழும்பட்டும் என்று காத்திருந்து
பதினொன்றரைக்கு
முதல் கோப்பையை வைத்தேன்.
மூன்று நிமிஷம்.
மழைச்சத்தத்தில் மணி கேட்காமல் இன்னும் கொஞ்சம்.

காகிதத்தை உரித்தால்
ஆட்லின் பெயர் இடம்வலம் மாறிக் கிடக்கிறது.
கண்ணாடிக்குக் காட்டுவதுபோல் திருப்பி அடிக்கணும்,
நாலு பேர் சொல்லியும் மறந்தேன்.
ஆனால் பிடியருகே,
என் காகிதம் எட்டாத இடத்தில்,
மங்கலாக, நேராக,
நான் அடிக்காத ஒரு பெயர்:
லேகா.

எந்திரத்தின் ரப்பரில்
ஊறிக் கிடந்திருக்கிறது.

தோஹாவில் மணி ஒன்பதுதான், கூப்பிட்டேன்.
"மிஷினுக்கு ஒண்ணும் இல்லயே அக்கா?"
ஒண்ணும் இல்ல, ஒரு பேரு விழுது என்றேன்.
அங்கே யாரோ தட்டுக் கழுவுகிற சத்தம்.
கொஞ்ச நேரம் அது மட்டும்.
"வெறும் வெள்ளத் தாள வச்சு
ரெண்டு தடவ சூடாக்குங்க.
அது எடுத்துக்கிடும்."
நான் என்ன பேரு என்று சொல்லவில்லை,
அவன் கேட்கவும் இல்லை.

முதல் தாள் எடுத்தது பாதி.
இரண்டாம் தாளில் ஒரு கொம்பு மட்டும்.
மூன்றாவது சுத்தம்.

குளச்சலில் ஒரு ஃபுட்பால் க்ளப்புக்குப் பன்னிரண்டு கேட்டிருக்கிறார்கள்,
ஒன்று இருநூறு, அட்வான்ஸ் ஐந்நூறு வந்தாயிற்று.
முதல் கோப்பையை
நட்டத்தில் அறுபத்தெட்டு என்று எழுதினேன்.
பேனா போட்டு மேஜையில் இருக்கிறது,
பிடி சுவரைப் பார்க்க.