வேலை நாள்

மாமாவின் பெயருக்கு நடுவில் ஓர் அமெரிக்கன் குடியிருக்கிறான்:
எலியேசர் லேத்ரொப் இளையதம்பி.
பொஸ்ரனில் யாரோ ஆணி வியாபாரி
யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்றின் படிப்புக்குக் காசு அனுப்பினானாம்.
பிள்ளை படித்து முடித்தது.
பெயர் மட்டும் ஐந்து தலைமுறையாய்
வட்டி கட்டுகிறது.

நான் கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி.
வெள்ளவத்தைக்கு மருமகளாய் வந்த முதல் வருடமே
பிரிட்ஜின் மேல் குடில் வைத்தேன்.
மாமா நின்று பார்த்தார்.
"வேதத்தில திகதி எங்க இருக்கு, பிள்ளை?"
கோபமில்லை. நாற்பது வருடம் கணக்காய்வு செய்த குரல்,
ரசீது கேட்கும் குரல்.

ரசீது என்னிடம் இல்லை.
அவரிடம் இருந்தது.
மூன்று இடப்பெயர்விலும் சாரத்தில் சுற்றித் தோளில் வந்த
பூட்டனாரின் கணக்குக் கொப்பி.
மானிப்பாய் அச்சுக்கூடத்தில் பிழை திருத்தியவர் அவர்.
பாப்பு மார்க்கத்துப் பண்டிகை,
குடியும் கூத்தும் தூபமும் நமக்கெதற்கு
என்று துரைமார் சொன்ன காலம்.

1845, மார்கழி 25, வியாழன்.
"வேலை நாள். மழை. சங்கீதம் நாலு தாள் திருத்தினேன்.
உரோமானியர் வெடி சுட்டபடியால் நித்திரையில்லை."
அதன் கீழே, சின்ன எழுத்தில்:
"நத்தாருக்கென்று சூசைமுத்து பெண்சாதி அனுப்பின பலகாரம் எட்டு.
திருப்பி அனுப்பினது ஏழு."

சிரித்துவிட்டேன்.
"நத்தார் எண்டெல்லோ எழுதியிருக்கிறார்! அது பறங்கிச் சொல், மாமா.
வேண்டாம் எண்டு சொல்லவும்
எங்கட சொல்தான் கிடைச்சிருக்கு.
நீங்கள் கை ஊன்றியிருக்கிற மேசை,
காலையில தின்ற பாண், இடுப்பில சாவி..."
"ஏழு" என்றார் மாமா, விரலை எடுக்காமல்.
"நானும் கனகாலமாய்ப் பாக்கிறன். ஒண்டு இடிக்குது."

இந்த வருடம் நடுச்சாமப் பூசைக்குப் புறப்படும்போது
குடிலருகே நின்றார்.
"சாஸ்திரிமார் மூண்டு பேர் எண்டு ஆர் சொன்னது?
அண்டிரவே வந்ததாயும் இல்லை.
குடையைக் கொண்டு போ."

கொச்சிக்கடையில் வாசலில் பையைத் திறந்து காட்டினேன்,
சிப்பாய்ப் பையன் ஜெபமாலையைத் தூக்கிப் பார்த்து
பவ்வியமாய்த் திரும்ப வைத்தான்.
அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு
அக்கா இந்தக் கோயிலுக்கு வருவதில்லை.
அவளுக்குமாய் ஒரு மெழுகுதிரி.
மழைக்குள் ஓட்டோ காலி வீதியில் விழுந்தபோது
மணி இரண்டு.

வீடு இருட்டு. மாமாவின் குறட்டை.
முந்தானையில் முடிந்து கொண்டுபோன பாலனை
வைக்கோலில் கிடத்தக் குனிந்தால்
சாஸ்திரிகளைக் காணவில்லை.

தேடினேன்.
கிழக்குப் பக்க ஜன்னல் விளிம்பில்
மார்மைட் போத்தலைத் தாண்டி ஒருவர்,
கழுவின கோப்பைகளுக்குப் பின்னால் மற்றவர்,
மூன்றாமவர் இன்னும் தூரத்தில், ஒட்டகத்தோடு,
மின்கட்டணப் பட்டியலின் மேல்.
எல்லோரும் குடிலைப் பார்த்தபடி.
வழியில்.

மேசையில் மூடி வைத்த பலகாரத் தட்டை
நான் எண்ணவில்லை.