கெட்டில் ஆறலாம்

எங்கள் கப்பல் பனியில் சிக்கி எட்டு மாதம்.
சிக்கவைத்தது நான்தான்,
தார்த்துவில், மருந்துக் கிடங்கின் இரவுப் பணியில்,
உறக்கத்தை விரட்ட.
விடிந்தபோது லேலோ, நார்வாவில் கணக்கெழுதுகிறவள்,
மாலுமிக்குப் பல்வலி கொடுத்திருந்தாள்.
காவ்போ லாரி ஓட்டுகிறவன்.
விர்ட்சு துறையில், படகுக்கான வரிசையில்,
கைபேசியில் தட்டித் தட்டி
ஒரு சமையல்காரனை ஏற்றிவிட்டான்.

ஒருவர் முகம் ஒருவர் பார்த்ததில்லை.
சட்டம் இரண்டே இரண்டு:
எழுதியதை அழிக்கக் கூடாது.
பிறர் பெற்ற ஆளை நாம் அசைக்கக் கூடாது.
மாலுமியின் கண் முதலில் சாம்பல், பிறகு நீலம்.
பனி வெளிச்சத்தில் அப்படித்தான் என்று
ஒரே வரியில் சமாளித்தாள் லேலோ.

நவம்பரில் காவ்போ எழுதினான்:
சமையல்காரன் கெட்டிலோடு வாசலில் வந்து நின்றான்.
"உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்றான்.

அவ்வளவுதான்.
பிறகு காவ்போ வரவில்லை.

ஒரு வாரம். மூன்று வாரம்.
அவனைச் சுற்றிச் சுற்றி எழுதினோம்.
தோளை ஒடுக்கி அவனருகே நுழைந்து போனார்கள் பயணிகள்.
கிறிஸ்துமஸ் வந்து போனது.
மாலுமியின் பல்லைப் பிடுங்கினோம்.
பனி இளகுவதாக எழுத எனக்குக் கை வரவில்லை,
கரை வந்தால் இவனை எப்படி இறக்குவது?

கெட்டில் ஆள் இல்லையே, என்றாள் லேலோ ஒரு நள்ளிரவில்.
கெட்டில் ஆறலாம்.
ஆவியைக் கொஞ்சம் குறைத்தேன்.
மறுநாள் முழுக்க
யாருடைய பையிலோ கைவிட்டது போல இருந்தது.

பிப்ரவரியில் புதிதாக ஒரு பையன்,
வோருவிலிருந்து, தாவேத்.
சட்டம் தெரியாது. வந்த வேகத்தில் எழுதினான்:
"தண்ணீர் கொதித்துவிட்டது" என்றான் சமையல்காரன்.

ஆறிப்போன கெட்டிலைப் பிடித்துக்கொண்டு!
மூன்று மாதம் வாய் திறக்காதவன் வாயில்
இந்தச் சொத்தைச் சொல்.
ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.
பையன் நான்கு முறை மன்னிப்புக் கேட்டான்.
அழித்துவிடட்டுமா என்றான்.
அதுவும் கூடாது என்றோம்.

மார்ச் கடைசியில் காவ்போ.
கை முறிந்து கிடந்தானாம்.
இடது கையால் தட்டியிருந்தான், பிழைகளோடு:
அவன் சொல்ல வந்தது அதுவல்ல.
இருந்தாலும் கோப்பையை நீட்டுங்கள்.

நீட்டினோம்.
வேறென்ன சொல்ல வந்தான் என்று
லேலோ இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள்.
தாவேத் தன் ஆளுக்குச் சர்க்கரை போடாமல் வாங்கிக்கொண்டான்.

இன்றிரவு என் முறை.
மாத்திரைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து
கப்பலுக்கு அடியில்
ஒரு சின்ன விரிசல் சத்தம் வைக்கலாமா என்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.