வாட்டம்

வங்கிக் கதவில் பூட்டுத் தொங்கிய அந்த ஜூலையில்
மாண்டிவிடியோ முழுவதும் குளிர்.
காலணித் தொழிற்சாலை எங்களை அனுப்பிய கையோடு
தையல் எந்திரங்களையும் விற்றுவிட்டது.
வாடகை கேட்டு மூன்றாம் முறை ஆள் வந்தபோது
மகனின் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு
அக்காவின் சமையலறைக்குக் குடிபோனேன்.

சேர்ந்து கட்டலாம் என்றார்கள்.
இருபத்துநான்கு குடும்பம், இருபத்துநான்கு வீடு.
நிலத்துக்கும் சிமெண்டுக்கும் அரசுக் கடன்,
கூலிக்கு நம் கை.
வாரம் இருபத்தொரு மணி நேரம் வேலை.
எந்த வீடு யாருக்கு என்பது
கடைசிக் கதவை மாட்டும்வரை யாருக்கும் தெரியாது.
"அப்போதுதான் எல்லாச் சுவரையும்
சொந்தச் சுவராய் எழுப்புவீர்கள்" என்றாள் சுல்மா,
எந்தக் கூட்டத்திலும் உட்காராதவள்.

எழுத்து நேராக இருக்கிறதென்று
மணிக்கணக்கு நோட்டை என்னிடம் தந்தார்கள்.
செவிலி நேலிதா, இரவுப்பணி முடித்து வந்தது,
மணல் சலிப்பு, இரண்டு மணி.
யமாந்தூ, சாந்து கலக்கியது, ஆறு மணி.
மழை.
மழை.
பேருந்து நடத்துநர் வால்டெமார், வரவில்லை.
அவனுக்குப் பதினொரு மணி பாக்கி.
அதற்காக நாங்கள் சண்டை போட்டதும் அதில் இருக்கிறது:
வாக்குவாதம், அரை மணி, கணக்கில் சேராது.

ஒன்பதாம் வீட்டின் கிழக்குச் சுவர் என்னுடையது.
அன்று காலை ஸ்பெயினிலிருந்து கடிதம்.
இனிப் பணம் வராது, அங்கே ஒருத்தி இருக்கிறாள்.
கல்மேல் கல் வைத்தேன்.
தூக்குக்குண்டு ஆடிக்கொண்டே இருந்தது,
அது நிற்கும்வரை நிற்க எனக்குப் பொறுமையில்லை.
மாலையில் பார்த்தால்
இடுப்புப் பிடித்தவனைப் போல் சுவர் உள்ளே சாய்ந்திருந்தது.
விரல் அகலம்தான்.
பூச்சு ஏறியது. நான் வாய் திறக்கவில்லை.
நோட்டில் எழுதினேன்: கிழக்குச் சுவர், ஏழு மணி.

சீட்டுக் குலுக்கியது சுல்மாவின் கம்பளித் தொப்பியில்.
ஒன்பது எனக்கு விழுந்துவிடக் கூடாதென்று
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்,
வேறு யாருக்கும் விழுந்துவிடக் கூடாதென்றும்.
ஒன்பது, வால்டெமார்.
எனக்குப் பதினேழு.

குடியேறிய மறுநாளே தெரிந்தது,
என் குளியலறைத் தரையில் வாட்டமில்லை.
தண்ணீர் துளையை நோக்கிப் போகாமல்
எதிர்மூலையில் போய்க் குந்திக்கொள்கிறது.
மூன்றாண்டாய் எங்கள் முகங்களில் இருந்த வாட்டத்தில்
கொஞ்சத்தை இந்தத் தரையில் விட்டிருக்கலாம்.
யார் பார்த்த வேலை இது என்று
திட்டிக்கொண்டே நோட்டைப் புரட்டினேன்.
என் நேரான எழுத்தில் இருந்தது:
பதினேழு, குளியலறைத் தரை, வால்டெமார், நான்கு மணி.
என்ன நாள் அது அவனுக்கு, தெரியாது.
நோட்டில் காரணத்துக்கென்று ஒரு பத்தி இல்லை.
கோடு போட்டவள் நான்தான்.

சண்டைக்கென்றே போனேன்.
கிழக்குச் சுவரில் நாட்காட்டி மாட்டியிருந்தான்.
அதன் கீழ்விளிம்பு
சுவரைத் தொடாமல் காற்றில் நின்றது.
அவன் அதைப் பார்த்தான்,
நான் அதைப் பார்ப்பதையும் பார்த்தான்.
சுரைக்குடுவையில் மாத்தே இலைமேல் வெந்நீர் ஊற்றி நீட்டினான்.
கசப்பு.
ஒரே குழலில், முறைவைத்து, பேசாமல் குடித்தோம்.

இந்த வீட்டை நான் விற்க முடியாது.
பத்திரத்தில் என் பெயர் இல்லை,
எல்லோருக்குமாய் ஒரு பெயர் இருக்கிறது.
தவணை கட்ட முடியாத மாதத்தில்
கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும்.
இரண்டு முறை நின்றிருக்கிறேன், முழங்கால் நடுங்க.
பொறுக்கலாம் என்று கை தூக்கியவர்கள் பதினாறு பேர்.
தூக்காதவர்களையும் தெரியும்,
அதில் ஒருவர் சமையலறைக்கு டைல்ஸ் பதித்தது நான்.

தினமும் காலையில் துடைப்பத்தால்
தண்ணீரைத் துளைவரை தள்ளிக்கொண்டு போகிறேன்.
உடைத்துவிட்டுப் போட்டால் என்ன என்கிறான் மகன்.
போடலாம்.
ஒரு மூட்டை சிமெண்ட், நான்கு மணி நேரம்.
நோட்டின்படி வால்டெமார்
இன்னும் பதினொரு மணி தர வேண்டும்.